அரிட்டாபட்டி மலையும் அதன் அடியிலுள்ள கண்மாய்களும்

மலை பார்க்கப் போவது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நம் குடியானவர்களிற் பலர் எண்ணுவதுண்டு. தம் வயலுக்கு வரும் ஜலம் எந்தப் பாறையில் விழுந்து, எந்த ஓடை வழியாக இறங்கி வருகிறது என்பதை நேரிற் கண்டறியாத குடியானவர் நம்மிடையே அநேகர் உளர். அத்தகையோர் மதுரை ஜில்லா மேலூர்த் தாலுக்காவிலுள்ள அரிட்டாபட்டிக்கு ஒரு நாட்காலை போய்வருதல் மிகவும் பயனுடையதாகும். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான சாசனங்களும், அவற்றைவிட நமக்கு அதிகம் வேண்டிய நீர்ப்பாசனப் பாடமும் அங்கே ஒருங்கே கிடைக்கின்றன.

போகும் வழி

மதுரையிலிருந்து மேலூர் ரஸ்தாவில் ஒத்தக்கடை, யானைமலை இவற்றைக் கடந்து சென்று இவ்வூரை அடையலாம். தூரம் சுமார் 25 கிலோமீட்டர். மழைக்காலம் கழிந்த மார்கழி, தை மாதங்களே ஏற்ற காலம். சூரியன் ஏறுமுன் புறப்பட்டுவிட வேண்டும். பாறை சூடேறிய பின் வெறுங்காலுடன் நடப்பது இயலாது. மழை பெய்த மறுநாள் பாறையிற் பாசி வழுக்குமாதலால் அன்றும் ஏறலாகாது. குடிக்கத் தண்ணீர் கொண்டு செல்க. வழி தெரிந்த உள்ளூரார் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொள்வது எல்லாவற்றினும் முக்கியம். எங்கள் குழுவுக்கு அவ்வூரில் வயல் வைத்திருக்கும் முதியவர் ஒருவர் வழிகாட்டினார். நாங்கள் சாசனத்தைத் தேட, அவரோ முதலில் எங்களை ஓர் ஓடையின் தலைப்பில் நிறுத்தி, அது எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை.

குகையும் சாசனங்களும்

இங்குள்ள குன்றுகளிற் சிறப்புடையது கழிஞ்சமலை. அதன் ஒரு பக்கத்திலுள்ள இயற்கைக் குகையிற் பழங்காலத்துச் சமண முனிவர்கள் தங்கியிருந்தனர். குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வடியாதபடி நீண்ட காடி ஒன்று வெட்டப்பட்டுள்ளது. கூரை ஓரத்து ஜலத்தை ஒதுக்கிவிட நாம் செய்யும் ஏற்பாடு எதுவோ அதுவே இதுவும். அங்கே தமிழ்ப் பிராமி எழுத்திற் சாசனங்கள் உள்ளன. நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் என்பவன் இக்குகையைக் கொடுப்பித்தான் என்று ஒரு சாசனமும், இலஞ்சி வேள் மாப்பரவன் மகன் எமயவன் கொடுப்பித்தான் என்று மற்றொன்றும் கூறுகின்றன. தென்கோடியிலிருந்த பிரபுக்கள் இவ்வளவு தூரத்திலுள்ள மலையில் தர்மம் செய்திருப்பது கவனிக்கத்தக்கது.

அருகிலேயே தீர்த்தங்கரர் உருவம் ஒன்று பாறையிற் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழுள்ள வட்டெழுத்துச் சாசனம் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. கிராம உத்தியோகஸ்தர்கள் இதனை அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். இம்மலையைத் திருப்பிணையன் மலை என்று அச்சாசனம் அழைக்கிறது. பொற்கோட்டுக் கரணத்தார் பெயரால் அச்சணந்தி என்னும் முனிவர் இவ்வுருவத்தைச் செய்வித்தார் என்றும், அது பாதிரிக்குடியாரின் பாதுகாப்பில் இருக்கிறது என்றும் அதிற் கண்டிருக்கிறது. கணக்கு எழுதியவர்களின் பெயரும் காவல் ஏற்ற குடிகளின் பெயரும் கல்லில் நிற்கின்றன. அரசன் பெயர் அதில் இல்லை.

மலையின் மற்றொரு பக்கத்தில் முற்காலப் பாண்டியர் குடைவித்த சிவன் கோயில் இருக்கிறது. கர்ப்பக்கிருகமும் லிங்கமும் தாய்ப்பாறையிலேயே வெட்டப்பட்டவை. வாயிலுக்கு வெளியே விநாயகரும், தமிழ்நாட்டில் அரிதாகக் காணப்படும் லகுலீசர் உருவமும் உள்ளன.

மலை எவ்வாறு ஜலம் தருகிறது

மொட்டைப் பாறையால் விவசாயத்திற்கு என்ன பிரயோஜனம் என்று சிலர் கேட்கலாம். மண் தரையில் விழும் மழையிற் பெரும்பகுதி அங்கேயே ஊறிப்போகும். பாறையில் விழுவது ஓடி இறங்கும். அதனிடையே வெடிப்புகளிற் புகுவது சுனையாகப் பின்னர் மெல்லக் கசியும். அரிட்டாபட்டியைச் சூழ ஏழு குன்றுகள் உள்ளன. 72 ஏரிகளுக்கும், சுமார் 200 சுனைகளுக்கும், 3 தடுப்பணைகளுக்கும் இக்குன்றுகளே ஆதாரம் என்று அரசாங்க அறிவிப்பிற் கண்டிருக்கிறது. பாண்டியர் காலத்து ஆனைகொண்டான் கண்மாய் இவற்றுள் ஒன்று.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரு கிராமங்களிலும் பாதுகாக்கப்பட்ட பரப்பு 193.42 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 478 ஏக்கர். அதன்மீது ஓர் அங்குல மழை பெய்தால் விழும் ஜலம் சுமார் 4.9 கோடி லிட்டர். அதிற் பாதியே கண்மாய்களைச் சேர்கிறது என்று கொண்டாலும், நெல் வயலுக்கு ஒரு தடவைக்கு இரண்டு அங்குலம் வீதம் 120 ஏக்கருக்கு ஒரு பாய்ச்சல் ஆகிவிடும். ஒரே மழையின் வருமானம் இது. எங்கள் வழிகாட்டி இக்கணக்கைக் கேட்டுவிட்டு, "கல்லு விளையாது தம்பி, கல்லு மேல பெய்யிற மழைதான் கீழ விளையுது" என்றார்.

மலையின் ஜலத்தை அடக்கியாளும் வித்தை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. தென் அமெரிக்காவில் பெரு தேசத்து இன்கா மக்கள் 15ஆம் நூற்றாண்டில் மாச்சு பிச்சு என்னும் நகரைச் சுமார் 2,430 மீட்டர் உயரத்தில் அமைத்தனர். 1911ஆம் வருஷம் ஹைராம் பிங்காம் அதனை வெளியுலகுக்குத் தெரிவித்த பின்னர் யாத்திரிகர் அநேகர் அங்கே மலையேறிச் செல்கின்றனர். அந்நகரின் படிக்கட்டு வயல்களைத் தோண்டிப் பார்த்தபோது அடியிற் பெருங்கல், மேலே சரளை, அதன்மேல் மணல், எல்லாவற்றிற்கும் மேல் வளமண் என்று அடுக்கியிருந்தமை தெரியவந்தது. அதிக மழை பெய்யும் அவ்விடத்தில் ஜலத்தை வடியவிடுவதே அவர்கள் கவலை. மழை குறைந்த நம் நாட்டிலோ அதனைத் தேக்கி வைப்பதே கவலை. மலையின் போக்கை அறிந்து வேலை செய்தமையால் இருவரும் பிழைத்தனர்.

மலைக்கு வந்த ஆபத்து

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசாங்கத்தார் இவ்விடத்தை உயிர்ப்பன்மைப் பாரம்பரியத் தலமாக அறிவித்தனர். இந்த இராஜ்யத்தில் இவ்விதம் அறிவிக்கப்பட்ட முதல் தலம் இதுவே. சுமார் 250 வகைப் பறவைகள் இங்குக் காணப்படுகின்றன. எலிகளைப் பிடிக்கும் லகர் வல்லூறும், கறையானைத் தின்னும் அலங்கும் இங்குள்ளன. இவை குடியானவனுக்குக் கூலி வாங்காத வேலைக்காரர்கள்.

இரண்டு வருஷத்திற்குப் பின், 2024 நவம்பரில், மத்திய சர்க்கார் நடத்திய ஏலத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் வட்டாரம் என்னும் சுமார் 2,015 ஹெக்டேர் நிலம் ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்கு ஒதுக்கப்பட்டது. அதில் அரிட்டாபட்டியும் அடங்கியிருந்தது. டங்ஸ்டன் என்பது விளக்கின் இழைக்கும் கடினமான வெட்டுக் கருவிகளுக்கும் பயன்படும் உலோகம். அதன் உபயோகத்தை ஒருவரும் மறுக்கவில்லை. ஆயினும் சுற்றிலுமுள்ள கிராமத்தார் தங்கள் கண்மாய்களின் நிலையை எண்ணிக் கவலையுற்றனர். 2024 டிசம்பர் 9இல் சட்டசபையில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7இல் விவசாயிகள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை திரளாக நடந்து சென்றனர். ஜனவரி 23இல் மத்திய சர்க்கார் அந்த ஏலத்தை ரத்து செய்தனர். வெட்டிய பாறை மீண்டும் வளராதாகையால், இம்முடிவினால் அப்பக்கத்து ஆயக்கட்டுதாரர்கள் அடைந்த ஆறுதலுக்கு அளவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

பாரம்பரியத் தலமானால் ஆடுமாடு மேய்க்கும் பழைய வழக்கங்கள் பறிபோகுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். இது தவறான எண்ணம். கிராமத்தார் தாமாக ஒப்புக்கொள்ளும் கட்டுப்பாடுகளைத் தவிர, அவர்களுடைய வழக்கங்களுக்குத் தடை விதிப்பது இவ்வறிவிப்பின் நோக்கமன்று.

மலை நிலைத்தது கண்டு நாம் சும்மா இருந்துவிடலாகாது. மலையிலிருந்து இறங்கும் ஜலம் கண்மாயைச் சேராவிட்டால் மலை இருந்தும் பயனில்லை. ஆகவே பின்வருவனவற்றைக் கவனிப்பது நலம்.

1. வருஷந்தோறும் ஆடி, ஆவணி மாதங்களில், மழைக்கு முன்னரே, வரத்துக்கால்களைத் தலைப்பிலிருந்து கண்மாய் வரை நடந்து பார்த்து, சீமைக்கருவேல் முதலியவற்றை வேருடன் அகற்றவேண்டும்.

2. வரத்துக்காலை ஒட்டி நிலமுள்ளவர்கள் வரப்பைத் தள்ளி வைத்து அதனைக் குறுக்கலாகாது. கிராம நிர்வாக அலுவலர்கள் நில அளவைப் படத்துடன் ஒப்பிட்டு இதனைக் கவனிக்கவேண்டும்.

3. கண்மாயிற் படிந்த கரம்பையை உரிய அனுமதி பெற்று எடுத்து வயலிற் பரப்பினால், மண்ணுக்கு உரமும் கண்மாய்க்கு ஆழமும் ஒருங்கே கிடைக்கும். கரையின் அடியிலும் மடையின் அருகிலும் தோண்டலாகாது.

4. மலைக்குச் செல்வோர் பாறையிற் பெயர் எழுதுதல், சாசனத்தின்மேல் சுண்ணாம்போ எண்ணெயோ பூசுதல், சுனையிற் குப்பை எறிதல் ஆகியவற்றை அறவே விலக்கவேண்டும்.

பிற கிராமத்தாரும் தத்தம் ஊர்க் குன்றின்மேல் ஒருமுறை ஏறி, தம் கண்மாயின் வரத்து எங்கே தொடங்குகிறது என்று பார்த்து வரவேண்டும். போகும்போது பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்க. அன்று அம்முதியவர் கேட்ட கேள்விக்கு அடுத்த தலைமுறையாவது விடை சொல்ல வேண்டுமல்லவா?