சாரல் புகும் இடுக்கு

குற்றாலத்தில் தென்மேற்குப் பருவம் பிறந்தால் சாரல். ஓட்டுக்கூரைக்குக் கொட்டித் தீர்க்கும் மழையைவிட இந்தத் தூறல்தான் பெரிய சோதனை. ஏன்?

பெருமழை சரிவில் ஓடி இறங்கிவிடும். சாரலோ செங்கோட்டைக் கணவாய்க் காற்றோடு சாய்வாக வந்து, ஓடுகளுக்கு இடையிலான இடுக்கில் புகும். இடுக்கு மிகக் குறுகலாக இருந்தால், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல அதுவே நீரை மேலே இழுத்துக்கொள்ளும்.

இப்படிப் புகும் நீரைச் சமாளிப்பது மங்களூர் ஓடு. 1865-இல் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அந்த ஓட்டின் சூட்சுமம், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் வரப்பும் பள்ளமும். புகுந்த நீர் பள்ளத்திலேயே வழிந்து கீழ் ஓட்டின்மேல் விழுந்துவிடும். நாட்டு ஓட்டில் இந்த வசதி கிடையாது. அடுக்குகிற கையின் திறமைதான் எல்லாம்.

வெயில் படாத கூரையில் பாசி படரும். அது ஈரத்தைப் பிடித்துவைக்க, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டை உளுத்துத் தொய்யும், பூட்டு விலகும். ஒழுகினால் ஓட்டை மட்டும் மாற்றுவது வீண்செலவாகிவிடலாம். முதலில் கட்டையைப் பார்க்க வேண்டும்.

ஓடு வாங்கும்போது விரல் முட்டியால் தட்டினால் போதும். கணீரென்றால் நன்றாக வெந்தது. ‘டொக்’ என்றால் விரிசலோ, வேக்காட்டுக் குறையோ. இறக்கிய பழைய ஓட்டையும் இப்படித் தட்டிப் பார்த்தே திரும்ப ஏற்றலாம்.