பெட்டியில் வரும் குஞ்சுகள்

நாமக்கல்லில் இரவு பஸ்ஸில் ஏற்றிவிட்ட 50 ஒருநாள் குஞ்சுகள் விடிய வடசேரி வந்தன. ஆடி மாசம். தோவாளைக்குப் பெட்டியை பைக்கில் கட்டிக்கொண்டு வந்தேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வேறு. 11 குஞ்சு போச்சு, தப்பு என்னுடையதுதான்.

வயிற்றில் மஞ்சள்கரு இருப்பதால் பொரித்த குஞ்சு 2 நாள் தீனியில்லாமல் தாங்கும். குளிரைத் தாங்காது, பாத்துக்கிடுங்க. இப்போ ஆட்டோதான். முந்தின நாளே பல்பைப் போட்டு, உமிப் படுக்கையை 35 டிகிரிக்குச் சூடாக்கிவிடுவேன். வந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து, வெதுவெதுப்பான கருப்பட்டித் தண்ணியில் அலகைத் தொடவைக்கணும். எண்ணிக்கையும் அப்படியே ஆயிடும் (வங்கிப் புத்தி விடுமா!). குடித்த பிறகே குருணை. பல்படியில் குவிந்தால் குளிர். விலகி ஓடினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்தால் நாமும் போய்ப் படுக்கலாம்.