கொக்கோவும் குருதிக் குழாய்களும்

கொக்கோ குடித்தால் இருதயத்துக்கும் மூளைக்கும் நல்லது என்ற பேச்சு இப்போது பரவலாக அடிபடுகிறது. இதில் எவ்வளவு உண்மை என்று பார்ப்போம்.

மத்திய அமெரிக்காவில், பனாமா நாட்டின் சான் பிளாஸ் தீவுகளில் குனா என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். கொக்கோப் பானம் அவர்களது அன்றாடப் பானம். ஹார்வார்ட் பல்கலைக்கழக வைத்தியர் நோர்மன் ஹொலன்பேர்க்கும் குழுவினரும் 1997 இல் வெளியிட்ட ஆய்வு, இத்தீவு மக்களுக்கு வயது ஏறினாலும் இரத்த அழுத்தம் ஏறுவதில்லை என்று காட்டியது. ஆனால் பனாமா நகருக்குக் குடிபெயர்ந்த குனா மக்களுக்கு வயதோடு அழுத்தமும் ஏறியது. இனம் ஒன்றுதான், இடமும் உணவும் மாறிவிட்டன. ஊரை விட்டு வந்த உங்களுக்கு இது புதினமாக இராது.

கொக்கோ விதையில் பிளவனோல் எனப்படும் தாவரப் பொருள்கள் உண்டு. குருதிக் குழாயின் உட்சுவர் நைத்திரிக் ஒட்சைட்டு என்னும் வாயுவைச் சிறிதளவில் உண்டாக்குகிறது. அது குழாயைத் தளர்த்தி விரியச் செய்யும். பிளவனோல் அவ்வாயுவைக் கூட்டுகிறது. ஒடுங்கிய வாய்க்காலை அகட்டினால் கடைசிப் பாத்திக்கும் தண்ணீர் சேரும் அல்லவா? அதுபோல மூளைக்கும் இரத்தம் தாராளமாகச் செல்கிறது.

ஆனால் இதை மருந்தென்று எண்ணிவிடக்கூடாது. ஐக்கிய அமெரிக்காவில் 21,442 முதியோரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2022 இல் வெளிவந்தது. நாளாந்தம் 500 மில்லிகிராம் பிளவனோல் உட்கொண்டோரிடையே இருதய, குருதிக்குழாய் நோய்களால் இறந்தோர் தொகை குறைந்திருந்தது. எனினும் மாரடைப்பு, பாரிசவாதம் முதலியவற்றின் மொத்தத் தொகை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. சிந்தனைத் திறனிலும் பொதுவான முன்னேற்றம் இல்லை. தரம் குறைந்த உணவு உண்டவர்களுக்கு மட்டும் ஞாபகசக்தி சற்றுத் தேறியதாக 2023 இல் அதன் இன்னொரு பகுதி காட்டியது. ஆகவே முதலில் திருத்த வேண்டியது அன்றாடச் சாப்பாட்டையே.

கடையில் விற்கும் சொக்கிலேற்றில் சீனியே கூடுதல். காரம் சேர்த்துப் பதப்படுத்திய கொக்கோத் தூளில் பிளவனோலின் பெரும்பகுதி அழிந்துவிடும். பிள்ளைகளின் முட்டைக்குரிய காசை இவற்றுக்குச் செலவிட வேண்டாம். இதே இனத்துப் பொருள்கள் நமது வெறுந்தேநீரிலும் உண்டு. சீனியைக் குறைத்துக் குடித்தால் போதும்.

தீவில் வாழ்ந்த குனா மக்கள் கொக்கோ மட்டுமல்ல, மீனும் பழமும் தாராளமாக உண்டார்கள். நாமும் உப்பையும் கருவாட்டையும் குறைப்போம். கொட்டிலின் பின்புறம் கைப்பிடி நிலம் இருந்தாலும் முருங்கைத் தடி ஒன்றை ஊன்றுவோம், கீரை விதைப்போம். கிளினிக்கில் தந்த குளிசையை நாமாக நிறுத்தாதிருப்போம். ஊர் கைவிட்டுப் போனாலும் ஊர்ச் சாப்பாட்டைக் கைவிடாதிருப்போம்.