பெயரை நீக்கினாற் போதுமா? மருத்துவ ஆய்வுத் தரவுகள் பற்றிய ஒரு நோக்கு

மருத்துவ ஆய்வுக்கெனத் திரட்டப்படும் பதிவுகளிலிருந்து நோயாளரின் பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டால் அவர்தம் அந்தரங்கம் காக்கப்பட்டுவிடும் என்னும் நம்பிக்கை ஆய்வாளரிடையே நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. இந்நம்பிக்கை எத்துணை வலுவற்றது என்பதை 1990களில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு நோக்குவோம்.

அம்மாநில அரச ஊழியருக்கான காப்புறுதி ஆணைக்குழு, ஏறத்தாழ 135,000 ஊழியரதும் குடும்பத்தினரதும் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளருக்கு வழங்கிற்று. கைத்தொழிற்றுறையினருக்குப் பிரதியொன்றை விற்கவுஞ் செய்தது. பிறந்த திகதி, பால், அஞ்சற் குறியீடு ஆகிய மூன்றும் அவற்றில் எஞ்சியிருந்தன. வயதும் வாழிடமும் அறியாது நோய்ப் பரம்பலை ஆராய்தல் அரிது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இதே மூன்று விபரங்களும் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் இடாப்பிலும் இருந்தன, பெயரோடு. அன்று பட்டப்பின் மாணவியாயிருந்த லற்றானியா சுவீனி 20 டொலருக்கு அவ்விடாப்பைப் பெற்று இரண்டையும் ஒப்பிட்டார். ஆளுநர் வில்லியம் வெல்ட்டின் பிறந்த திகதியை உடையோர் அதில் அறுவர். அவருள் ஆண்கள் மூவர். அவரது அஞ்சற் குறியீட்டில் வாழ்ந்தவர் அவர் ஒருவரே. கணனியின் பூட்டெதுவும் உடைக்கப்படாமலே ஆளுநரின் நோய் விபரம் வெளிப்பட்டது.

இடாப்பில் இடம்பெறாத நகரவாசிகள் பலர் ஆதலின் இவ்வொப்பீடு முற்றிலும் ஐயமற்றதன்று எனவும், 1996இல் ஆளுநர் பொதுவிடத்தில் மயங்கி விழுந்த செய்தி பரவியிருந்தமையே பெரிதும் துணைசெய்தது எனவும் பின்னர் வாதிக்கப்பட்டது. இவ்வாதத்தில் நியாயம் உண்டு. எனினும் அம்மூன்று விபரங்களால் தனித்து அறியத்தக்கோர் அமெரிக்கரில் நூற்றுக்கு 87 பேர் எனச் சுவீனி 2000இல் கணித்தார். 2006இல் வெளிவந்த பிறிதொரு கணிப்பு 63 என்றது. எதனை ஏற்பினும் பாதிக்கு மேற்பட்டோர் அகப்படுவர்.

ஆளுநருக்கு ஏற்படக்கூடியது சங்கடம். தன் நோய் வெளிப்பட்டால் தொழிலையே இழக்கக்கூடிய சாதாரண ஊழியரின் நிலை வேறு. தம் பதிவு விற்கப்பட்டதை அவர்களுள் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

பிறந்த திகதிக்குப் பதிலாக ஆண்டை மட்டும் தருவதும், ஒரே வகை விபரங்களை உடையோர் குறித்த தொகைக்குக் குறையாதவாறு பதிவுகளைத் தொகுப்பதும் பரிகாரங்களாக முன்வைக்கப்பட்டுள்ளன. ஆயின் அத்தொகுதியினர் யாவருக்கும் நோய் ஒன்றேயெனின் இத்திரை எதனையும் மறைக்காது. ஆகவே யாருக்கு, என்ன நோக்கிற்கு, எத்துணைக் காலத்துக்குத் தரவு வழங்கப்படுகின்றது என்பதை வழங்குவோர் எழுத்தில் வரையறுத்துக் கண்காணித்தல் வேண்டுமென்பதும், விற்பனை அவ்வரையறைக்குள் அடங்காதென்பதும் எமது கருத்தாகும்.