பழைய டீசல் ஜீப்பில் எரிபொருள் கசிவும் அதைச் சீர்செய்யும் முறைகளும்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கம் தீவிலும், திருச்சிராப்பள்ளியைச் சுற்றியுள்ள ஆற்றுப் படுகைகளிலும் வாழை, தென்னை, நெல் முதலியன பயிரிடப்பட்டு வருகின்றன. மழைக்காலத்தில் சேறும் கோடையில் மணலுமாகக் கிடக்கும் தோட்டப் பாதைகளில் கன்றும் உரமும் ஏற்றிச் செல்ல, நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப்பு பெரிதும் உதவுகிறது. மகிந்திரா நிறுவனம் 1947 ஆம் ஆண்டில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது. 1980களில் வெளிவந்த எம்.எம்.540 போன்ற டீசல் ஜீப்புகள் பல இன்றும் உழைத்து வருகின்றன. இத்தகைய வண்டிகளில் அடிக்கடி காணப்படும் குறைபாடு டீசல் கசிவாகும். இதை எவ்வாறு கண்டறிந்து சரிசெய்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சில மாதங்களுக்கு முன் ஸ்ரீரங்கத்தை அடுத்த ஒரு வாழைத் தோட்டத்திற்குச் சென்றிருந்தபோது, அதன் உரிமையாளர் தம் ஜீப்பைக் காட்டி, "காலையிலே ஸ்டார்ட் ஆக அரை மணி நேரம் ஆகுது சார். பம்பையே மாத்தணும்னு சொல்லிட்டாங்க" என்றார். தரையில் ஒரு துளி டீசலும் இல்லை. சோதித்துப் பார்த்ததில், டேங்க்கிலிருந்து வரும் ரப்பர் குழாய் கிளிப்புக்கு அடியில் மயிரிழை போல் வெடித்திருந்தது. ஒரு சாண் குழாயை மாற்றியதும் வண்டி உடனே புறப்பட்டது. எல்லாக் கசிவும் கண்ணில் படுவதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

கசிவினால் ஏற்படும் நட்டம்

டீசலில் சுமார் 40 துளிகள் ஒரு மில்லி லிட்டர் ஆகும் எனக் கொள்ளலாம். இரண்டு நொடிக்கு ஒரு துளி வீதம் சொட்டினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டரும், மாதத்திற்கு 30 லிட்டரும் வீணாகும். லிட்டர் 90 ரூபாய் என்றாலும் இது 2,700 ரூபாய் ஆகும்.

பண நட்டத்தைவிடத் தீ அபாயம் பெரிது. டீசல் எளிதில் தீப்பற்றாது என்று பலரும் எண்ணுகின்றனர். நம் நாட்டுத் தர நிர்ணயப்படி டீசலின் தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் இருந்தால் போதும். சித்திரை, வைகாசி மாதங்களில் திருச்சியில் நிழலிலேயே வெப்பம் இந்த அளவைத் தாண்டிவிடும். என்ஜின் மூடிக்குள் வெப்பம் இதனினும் மிகுதி. ஆகவே கோடையில் கசியும் டீசலைப் பெட்ரோலுக்கு ஒப்பாகக் கருதுதல் வேண்டும்.

மேலும், டீசல் பட்ட விதைகளின் முளைப்புத் திறன் குன்றும். விதை மூட்டையும் வாழைக்கன்றும் ஏற்றும் வண்டியில் தளம் உலர்ந்திருத்தல் அவசியம். கிணற்று மேட்டிலும் வாய்க்கால் கரையிலும் கசியும் வண்டியை நிறுத்துதல் கூடாது.

இப்பொழுது கசிவு மிகுவது ஏன்?

பழைய பம்புகளில் உள்ள நைட்ரைல் ரப்பர் வளையங்கள், டீசலில் உள்ள அரோமாடிக் சேர்மங்களை உறிஞ்சிச் சற்றே உப்பி இடைவெளியை அடைத்துக் கொண்டிருந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பத்து லட்சம் பங்கில் 10 பங்குக்கு மேல் கந்தகம் இல்லாத டீசல் விற்கப்படுகிறது. கந்தகத்தை நீக்கும்போது அரோமாடிக் சேர்மங்களும் ஓரளவு குறையக்கூடும். இதனால், பல ஆண்டுகளாக உப்பி, பின் இறுகிப்போன வளையம் சுருங்கிக் கசிகிறது. அமெரிக்காவில் 1993 ஆம் ஆண்டு கந்தகம் குறைந்த டீசல் வந்தபோதும் பழைய என்ஜின்களில் இக்குறை காணப்பட்டது. இது டீசலின் குற்றமன்று. ரப்பரின் முதுமையே காரணம். எனவே வளையம் மாற்றும்போது வைட்டான் எனப்படும் புளூரோ ரப்பர் வளையங்களைக் கேட்டு வாங்குதல் நல்லது.

எரிபொருள் பாதையின் நான்கு பகுதிகள்

கசிவு எந்தப் பகுதியில் உள்ளது என்பதைப் பொறுத்தே அறிகுறியும் சீர்செய்யும் முறையும் அமையும்.

1. உறிஞ்சும் பகுதி: டேங்க்கிலிருந்து ஃபீட் பம்பு வரை. இங்கு டீசல் இழுக்கப்படுவதால், ஓட்டை இருந்தால் டீசல் வெளியேறுவதற்குப் பதில் காற்று உள்ளே புகும். காலையில் என்ஜின் எளிதில் புறப்படாமை, ஓடும்போது திணறி நின்று போதல் ஆகியவை அறிகுறிகள்.

2. குறைந்த அழுத்தப் பகுதி: ஃபீட் பம்பிலிருந்து வடிகட்டி வழியாக இன்ஜெக்ஷன் பம்பு வரை. இங்குக் கசிவு ஈரமாகவும் சொட்டாகவும் தெரியும்.

3. உயர் அழுத்தப் பகுதி: இன்ஜெக்ஷன் பம்பிலிருந்து நாசில் வரை உள்ள எஃகுக் குழாய்கள். இங்கு அழுத்தம் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப் போல் ஐம்பது மடங்குக்கும் மேற்பட்டது. கசிவு புகை போன்ற மெல்லிய தூவலாக வெளிப்படும்.

4. திரும்பும் பகுதி: நாசில்களில் எஞ்சிய டீசலை டேங்க்கிற்குக் கொண்டு செல்லும் சிறு குழாய்கள். என்ஜின் சூட்டில் இவை விரைவில் வெடிக்கும்.

கசிவைக் கண்டறிதல்

என்ஜின் ஆறிய பிறகு சோப்பு நீரால் கழுவித் துடைத்து, நன்கு உலர விடவும். இணைப்புகள்மீது முகப்பவுடர் அல்லது சுண்ணக்கட்டித் தூளைத் தூவவும். பிறகு சிறிது நேரம் என்ஜினை ஓட்டி நிறுத்திப் பார்த்தால், கசியும் இடத்தில் தூள் நனைந்து கறுத்திருக்கும். டீசல் குழாயின்மீது வழிந்து வேறோர் இடத்தில் சொட்டும். ஆதலால் சொட்டும் இடத்தை விட்டு, ஈரத்தின் மேல் எல்லையைத் தேடுதல் வேண்டும்.

காற்று புகுவதை அறிய, ஃபீட் பம்பின் நுழைவாயிலில் ஒளி ஊடுருவும் குழாய்த்துண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்தி என்ஜினை ஓட்டவும். தொடர்ந்து குமிழிகள் வந்தால் டேங்க் பக்கத்தில் ஓட்டை உள்ளது என உறுதி செய்யலாம்.

என்ஜின் ஆயில் அளவுக் குச்சியையும் பார்க்க வேண்டும். ஆயில் மட்டம் உயர்ந்து, நீர்த்து, டீசல் வாடை வீசினால் ஃபீட் பம்பின் சவ்வோ இன்ஜெக்ஷன் பம்பின் சீலோ பழுதாகி, டீசல் உள்ளேயே கசிகிறது எனப் பொருள். அந்த நிலையில் வண்டியை ஓட்டினால் பேரிங்குகள் கெடும். பழுதை நீக்கிய பின் ஆயிலை முழுதும் மாற்றுதல் வேண்டும்.

சீர்செய்யும் முறைகள்

ரப்பர் குழாய்: டீசலுக்கென விற்கப்படும் குழாயையே பயன்படுத்தவும். சைக்கிள் டியூபும் பாசனக் குழாயும் உதவா. கம்பி கொண்டு கட்டாமல் திருகு கிளிப்பால் இறுக்கவும்.

துளைப் போல்ட்டு இணைப்பு: பேன்ஜோ போல்ட்டு எனப்படும் இதன் இருபுறமும் செம்பு வாஷர்கள் உண்டு. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதியன போடவும். கிடைக்காவிடில், வண்டியிலிருந்து வெகு தொலைவில் பழைய வாஷரைச் செந்நிறமாகக் காய்ச்சி நீரில் ஆற்றினால் செம்பு மீண்டும் மென்மை அடையும். குழாய் வேலைக்குப் பயன்படும் டேப்பை இங்குச் சுற்றலாகாது. அதன் இழைகள் நாசிலை அடைத்துவிடும்.

உயர் அழுத்தக் குழாய்: இதைப் பற்றவைத்து ஓட்டுதல் கூடாது. அதே அளவுள்ள புதிய குழாயை மாற்றவும். நட்டைத் திருகும்போது பம்பின் முனையை மற்றொரு ஸ்பானரால் பிடித்துக் கொள்ளவும்.

இன்ஜெக்ஷன் பம்பு: 2008 ஆம் ஆண்டில் மைக்கோ நிறுவனம் பாஷ் எனப் பெயர் மாறியபோதிலும், நம் பகுதியில் இன்றும் மைக்கோ பம்பு என்றே வழங்கப்படுகிறது. இதன் உள் வளையங்களை மாற்றச் சோதனை மேடை உள்ள பணிமனைக்கே அனுப்ப வேண்டும்.

டேங்க்: பழைய ஜீப்புகள் பலவற்றில் இது ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே உள்ளது. அடியில் தங்கும் நீரால் துருப்பிடித்துத் துளை விழும். டீசல் சோப்பைக் கரைக்காது. ஆகவே ஊர் திரும்பும் வரை துளையில் சலவைச் சோப்பை அழுத்தி வைக்கலாம். காலி டேங்க்கை அப்படியே பற்றவைத்தால் உள்ளிருக்கும் ஆவி வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். டேங்க்கை மாற்றுவதே பாதுகாப்பு.

காற்றை நீக்குதல்

எந்த இணைப்பைக் கழற்றினாலும் காற்று புகுந்திருக்கும். வடிகட்டியின் காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழியின்றி டீசல் வரும்வரை கைப்பம்பை அடித்து, திருகை மூடவும். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் திருகிலும் இவ்வாறே செய்யவும். கடைசியாக நாசில் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, கையையும் முகத்தையும் அகற்றி வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றவும். டீசல் வந்ததும் இறுக்கவும். வழிந்த டீசலைத் தகரத்தில் பிடித்துத் துடைத்துவிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

1. வேலைக்கு முன் பாட்டரி இணைப்பைக் கழற்றவும். சோதனைக்காக என்ஜினை இயக்கும்போது மட்டும் மீண்டும் இணைக்கவும். அருகில் பீடி, சிகரெட், விளக்கு கூடாது. ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கட்டும்.

2. என்ஜின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாயில் கை வைத்துக் கசிவைத் தேடலாகாது. அட்டைத் துண்டைக் காட்டிப் பார்க்கவும். டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றால் காயம் ஊசி முனை அளவே தெரியும். வலியும் முதலில் குறைவாக இருக்கும். ஆயினும் விரலையே இழக்க நேரிடலாம். களிம்பு தடவிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று, டீசல் பாய்ந்தது என்று சொல்ல வேண்டும்.

3. வேலை முடிந்தபின் 15 நிமிடம் ஓட்டிப் பார்த்து, இரவில் வண்டிக்கடியில் வெள்ளைத்தாளை விரித்து வைக்கவும். காலையில் தாள் உலர்ந்திருந்து, என்ஜினும் முதல் முயற்சியிலேயே புறப்பட்டால் கசிவு நின்றது என அறியலாம்.

இம்முறைகள் பழைய டிராக்டருக்கும் டீசல் பம்புசெட்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும். உழவர் பெருமக்கள் பம்பை மாற்ற ஆயிரக்கணக்கில் செலவிடுமுன், முதலில் டேங்க் பக்கத்து ரப்பர் குழாயைச் சோதித்துப் பார்த்து, வீண் செலவையும் விபத்தையும் தவிர்ப்பார்களாக.