வெடியுப்பு உங்கள் வீட்டுச் சுவரிலேயே விளைகிறது, தெரியுமா?

சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் காலண்டரும் கொடிகட்டிப் பறப்பதற்கு முதல் முதலாளி யார் தெரியுமா? வெயில்தான்! 1920-களின் தொடக்கத்தில் இவ்வூரின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியபோது, குச்சி காயவைக்க இந்த வானம் பார்த்த பூமி தயாராக இருந்தது. அப்படிப்பட்ட காய்ந்த விருதுநகர்ச் சீமையில், மழை நின்று மாதக்கணக்கான பிறகும் பழைய வீட்டுச் சுவரின் அடிப்பாகம் ஓதம் ஏறிக் கிடக்கிறதே, எப்படி? கூரை ஒழுகவில்லை, குழாய் உடையவில்லை. தண்ணீர் கீழேயிருந்து மேலே ஏறுகிறது!

செங்கலிலும் காரையிலும் மயிரிழையைவிட மெல்லிய துளைகள் கோடிக்கணக்கில் உண்டு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அவை மண்ணின் ஈரத்தை இழுக்கின்றன. துளையின் ஆரம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்றால், கணக்குப்படி தண்ணீர் சுமார் ஒன்றரை மீட்டர் ஏறும்! துளை சிறுத்தால் உயரம் இன்னும் கூடும். அப்படியானால் மச்சு வரை ஏறாதா? ஏறாது. வழியிலேயே சுவரின் இரு முகங்களிலும் ஆவியாகிவிடுவதால், பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவிலேயே நின்றுபோகும். நம் முன்னோர் அடிமட்டத்தைக் கருங்கல்லில் எழுப்பியதில் இந்தச் சூட்சுமமும் உண்டு. கருங்கல்லில் துளை மிகக் குறைவு.

வேடிக்கை இனிமேல்தான். தண்ணீர் ஆவியாகும், அதில் கரைந்து வந்த உப்பு போகாது. வெயில் எவ்வளவு அடிக்கிறதோ, காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ, அவ்வளவு வேகமாக உப்பு சேரும். ஆக, நம்மூர்ச் சுவரைத் தின்பது ஈரத்தைவிட உப்புதான் என்பேன். முழங்கால் உயரத்தில் அந்த வெள்ளைப் பூப்பை உற்றுப் பாருங்கள்: ஊசி ஊசியாய் நிற்கும் படிகங்கள், விரல் பட்டால் மாவாய் உதிரும், பின்னாலேயே காரையும் பொலபொலவென்று கொட்டும். சோடியம் சல்பேட் என்ற உப்பு நீரைச் சேர்த்துக்கொண்டு படிகமாகும்போது ஏறக்குறைய 4 மடங்கு பருமனாகிறது! பூச்சுக்குள் உட்கார்ந்துகொண்டு இப்படி ஊதினால் எந்தப் பூச்சு தாங்கும்?

அந்தப் பூப்பில் இன்னொரு சரக்கும் இருக்கும்: நைட்ரேட். மாட்டுத் தொழுவமும் சாக்கடையும் விட்ட கழிவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக்கிக் கொடுக்க, சுவர் அதை இழுத்து வெளியே வைக்கிறது. பட்டாசுக்குப் போகும் வெடியுப்பும் நைட்ரேட் குடும்பம்தான்! 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசனின் ஆட்கள் ஊரார் வீட்டுப் புறாக்கூட்டையும் குதிரை லாயத்தையும் தோண்டி வெடியுப்பு எடுத்தார்கள். பிரான்சில் நிலவறைச் சுவர்களைச் சுரண்டினார்கள். அப்படி எடுத்ததை மரச்சாம்பலோடு சேர்த்துக் காய்ச்சினால் பொட்டாசியம் நைட்ரேட், அதாவது வெடியுப்பு. பீகார் மண்ணிலிருந்து எடுத்த வெடியுப்போ கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போனது. (சுரண்டிப் பார்க்கலாமா என்று யோசிக்கும் தம்பிமாரே, வேண்டாம்.)

அதே ஈரம் பட்டாசு ஆலைக்குள் நுழைந்தால்? அலுமினியப் பொடி, நைட்ரேட், தண்ணீர் மூன்றும் கூடினால் தானாகவே சூடேறும், அம்மோனியா நெடி கிளம்பும், சில வேளை தானே தீப்பிடிக்கும்! இதைத் தடுக்கத்தான் கலவையில் போரிக் அமிலம் சேர்ப்பது. ‘மீந்த மருந்து நீர்த்துப்போய் வெடித்தது’ என்று விபத்துச் செய்தியில் நாம் படித்துக் கடக்கும் வரிக்குள் இந்த வேதியியல்தான் இருக்கிறது.

சரி, உங்கள் வீட்டில் ஏறுவது ஓதம்தானா? சமையலறை அலுமினியத் தாளை ஒரு சாண் வெட்டி, நாலு ஓரமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒரு நாள், இரண்டு நாள் விடுங்கள். அறைப் பக்கம் நீர் கோத்தால் அது காற்றிலுள்ள ஈரம். சுவர்ப் பக்கம் கோத்தால் சுவரிலிருந்து வரும் ஈரம். ஈரம் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்ப்பவர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். உப்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் காய்ந்த சுவரையும் அது ஈரம் என்று காட்டும். துல்லியம் வேண்டுமா? சுவரைத் துளைத்து எடுத்த பொடியைக் கார்பைடு கல் தூளோடு மூடிய குப்பியில் குலுக்குவார்கள். கிளம்பும் வாயுவின் அழுத்தம் ஈரத்தின் அளவைச் சொல்லிவிடும். ஆமாம், வெல்டிங் பட்டறையில் புழங்கிய அதே கார்பைடு!

வைத்தியத்தில்தான் பெரிய கூத்து. உதிர்ந்த இடத்தில் சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டுகிறோம். வெளியேற வழியில்லாத ஈரம் டைல்ஸுக்கு மேலே போய்ப் பூக்கிறது! முதலில் மூலத்தைப் பாருங்கள்: சுவரோரச் சாக்கடை, ஒழுகும் குழாயடி, திரும்பத் திரும்பப் போட்டு வீட்டைவிட உயர்ந்துவிட்ட தெரு ரோடு. பிறகு உப்பேறிய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, அடிவரிசைக் காரையில் துளையிட்டு நீரை விலக்கும் சிலேன் பசையை ஏற்றிச் சுவரைக் காயவிடுங்கள். அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுக்கணக்கு. 9 அங்குலச் சுவருக்கு 9 மாதம்! அதற்கப்புறம்தான் மூச்சுவிடும் சுண்ணாம்புப் பூச்சு.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு: பேஸ்மட்டம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், அதன் தலையில் ஈரத்தடுப்பு கான்கிரீட் பட்டை ஓடட்டும். தண்ணீரையும் கவனியுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. உப்பு போர்த் தண்ணீரில் கட்டினால், ஓதம் ஏறும் முன்பே உப்பைச் சுவருக்குள் நாமே வைத்துப் பூசியதாகிவிடும். ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் கொத்தனாரிடம் நாள் சொல்லுங்கள்.