தூண்டிலும் சட்டமும்

கேரளத்தின் 44 ஆறுகளுள் மூன்றே கிழக்கு நோக்கி ஓடிக் காவிரி நீரோடு சேர்கின்றன. கபினி வயநாட்டுக்கு உரியது. பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடி வழியே வரும் பவானியும், இடுக்கி மாவட்டத்து மறையூரை அடுத்து இறங்கி அமராவதியை அடையும் பாம்பாறும் தமிழ் எல்லையை ஒட்டியவை. இக்காவிரிக் கிளைகளின் பெருமீன், முதுகு கூனலாகப் புடைத்த மகசீர். 1946 ஆம் ஆண்டு கபினியில் தூண்டிலில் அகப்பட்ட ஒன்றின் நிறை 120 பவுண்டு.

1897 ஆம் ஆண்டின் இந்திய மீன்பிடிச் சட்டம் முதன்மையாகத் தடுத்தது தூண்டிலை அன்று, வெடியையும் நஞ்சையுமே. கோடையில் மலையாறு சுருங்கும்போது மீன்கள் மடுக்களில் ஒதுங்குகின்றன. அங்கே ஒரு வெடி விழுந்தால் தாய்மீனும் விரல்நீளக் குஞ்சும் ஒருங்கே மடியும். தூண்டிலோ ஒரு வேளைக்கு ஒரு மீனையே கொள்ளும். பொழுதுபோக்காகப் பிடிப்பவர் அதனையும் நிறுத்துப் பார்த்து ஆற்றிலேயே விட்டுவிடும் வழக்கம், பின்னாளில் கர்நாடகக் காவிரிக் கரை முகாம்களில் வேரூன்றியது.

சட்டங்களின் சொற்பொருள் விளக்கப் பிரிவுகள் படிப்பதற்குச் சுவையற்றவை. மொழிபெயர்ப்பதற்கோ இன்னும் சுவையற்றவை. ஆயினும் பெரிய மாறுதல்கள் அங்கேதான் ஓசையின்றி நிகழ்கின்றன. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு 2002 இல் வந்த திருத்தம், 'விலங்கு' என்னும் சொல்லுக்குள் மீனையும் சேர்த்தது. சரணாலயத்துள் மானுக்குள்ள காப்பு மீனுக்கும் உண்டு என்பது ஐயமற விளங்கிற்று. பாம்பாறு பாயும் சின்னாறு 1984 முதல் சரணாலயம். காவிரிச் சரணாலய முகாம்களிலும், பிடித்து விடும் விளையாட்டு 2012 ஐ ஒட்டி நின்றது.

தடை முறையானதே என்பது நம் கருத்து. ஆனால் தூண்டிலோடு மற்றொன்றும் நின்றுபோயிற்று. கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை தூண்டிற்காரர் எழுதிவைத்த ஏட்டில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மீன்களின் கணக்கு இருந்தது. ஆய்வாளர் அதனைப் புரட்டியபோது, கூன்முதுகு மகசீர் ஆண்டுதோறும் அருகியதும், அகப்பட்டவை பெரும்பாலும் முதியவையாக இருந்ததும் தெரிந்தன. குஞ்சுகள் தலையெடுக்கவில்லை என்பதே பொருள். அவ்விடத்தை நிரப்பியது, வளம் பெருக்கும் நல்லெண்ணத்தோடு பொரிப்பகத்திலிருந்து கொணர்ந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர்!

உலகப்புகழ் பெற்ற அம்மீனுக்கு நெடுங்காலம் அறிவியற்பெயர் உறுதிப்படவில்லை. 2010 இல் பாம்பாற்று மீன்களைக் கொண்டு 'தோர் ரெமாதேவி' என்றோர் இனம் விவரிக்கப்பட்டது. காவிரியின் கூன்முதுகு மகசீரும் அதுவே என 2018 இல் ஆய்வாளர் காட்டினர். அவ்வாண்டே அது மிக அருகிய இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் ஏறியது.

இன்று அது எஞ்சியுள்ள நீர்களுள் பாம்பாறும், பவானியின் கிளையான மாயாறும் அடங்கும். ஆராய்ச்சிக்காகச் சரணாலயத்துள் நுழைய அனுமதி வழங்கத் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு அதே சட்டம் அதிகாரம் அளிக்கிறது. தூண்டிற்காரர் விட்ட ஏட்டை அவ்வழியே மீண்டும் தொடங்கலாம். பழக்கமுள்ள கைகளும் இன்னும் இருக்கின்றன.